ஐம்பது கிலோகிரே

வூச் என்றால் போலிஷ் மொழியில் படகு.
படகென்று பேர் வைத்த ஊரில்
ஆறு கண்ணில் படாது.
நூற்பாலைகள் சாயம் கரைத்துக் கரைத்து
நாற்றம் பொறுக்காமல்
செங்கல் வளைவுக்குள் தள்ளி மூடிவிட்டார்கள்.
டிராம் தடத்துக்கு அடியில் இன்னும் ஓடுகிறதாம்.
நான் கேட்டதில்லை.
லுத்விக் கேட்டிருக்கிறாராம்,
குடித்திருந்த இரவுகளில்.

எங்களுக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதுதான்.
தொட்டால் ஈரம் ஒட்டாத,
கவிழ்த்தால் சிந்தாத,
லேசில் தீப்பிடிக்காத ஒரு திடப்பொருள்.
அதற்குள்ளே லித்தியம்
இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்வர வேண்டும்.

படலம் பார்வைக்கு ஒன்றுமில்லை.
வெங்காயத்தின் உள்தோல்.
உள்ளேதான் நீளநீளமாய்ச் சங்கிலிகள்,
இரண்டு கரி தள்ளி ஒரு ஆக்சிஜன்,
மறுபடி இரண்டு கரி, மறுபடி ஆக்சிஜன்.
அது லித்தியத்தை வாங்கும்,
கொஞ்சம் நெளியும்,
அடுத்ததிடம் கொடுக்கும்.
வீடு பற்றி எரியும்போது
வரிசையில் நின்று வாளி கைமாற்றுவது போல.

ஆனால் ஆறவிட்டால்
சங்கிலிகள் மடிந்து படுத்துவிடும்.
இஸ்திரி போட்டு அடுக்கிய சட்டைகள்.
அவ்வளவு ஒழுங்கு.
நெளிய மறுக்கும் கை
எதையும் வாங்காது, எதையும் கொடுக்காது.

அதனால் கலைக்கப் போனோம்.

நான்கு குப்பி, உள்ளே ஆர்கான்.
கோபால்ட் தன் குளத்தின் அடியில்
நீலமாய் விழித்துக் கிடக்கும்.
மணியடித்து, கதவடைத்து,
ஆளில்லாத கான்கிரீட் அறைக்குள் அதை மேலே ஏற்றுவோம்.
ஒரு குப்பி உள்ளேயே போகவில்லை,
ஒப்பிட ஒன்று வேண்டுமே.
இருபதில் ஒன்றை எடுத்தோம், ஐம்பதில் ஒன்றை.
நூறில் எடுக்க வேண்டியதை
வெள்ளி மாலை லுத்விக் எடுப்பதாகப் பேச்சு.

வெள்ளி மாலை பனி.
டிராம் எதுவும் நகரவில்லை.
திங்கள் காலை அவர் வந்து சேர்ந்தபோது
குப்பியின் கண்ணாடி
ஊறிப்போன தேநீர் நிறம்.
கணக்குப் போட்டோம்: இருநூற்று இருபது.
டொப்ரோக்னா ஒன்றும் சொல்லவில்லை.
அவள் ஒன்றும் சொல்லாதது எப்படி இருக்கும் என்று
எங்கள் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பிறகு அளந்தோம்.
திரையில் ஒரு வில் வரையும்;
வில் சிறுத்தால் தடை சிறுத்தது என்று பொருள்.
கதிர் படாததற்குத் திரை கொள்ளாத வில்.
இருபதுக்குக் கொஞ்சம் ஒடுங்கியது.
ஐம்பதுக்கு
நான் கம்பி கழன்றுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன்.
கழலவில்லை.
பன்னிரண்டு மடங்கு.
இங்கே அறுந்து, அங்கே முடிந்து,
மடிப்பு குலைந்து,
உள்ளே எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

பழுப்புக் குப்பியைக் கடைசியில் திறந்தாள்.
இடுக்கி பட்டதும் ஓரம்
மீன் செதிலாய் உதிர்ந்தது.
மீந்ததை அளந்தால்
வில் மறுபடி ஊதிப் பெருத்திருந்தது,
முடிச்சின் மேல் முடிச்சு, நெளிய இடமில்லை.
டொப்ரோக்னா வெகுநேரம் அதையே பார்த்தாள்.
"நூறில் எடுத்திருந்தால்
இன்னும் ஏறும் என்றுதான் எழுதியிருப்பேன்."
லுத்விக் அதை மன்னிப்பென்று எடுத்துக்கொண்டார்.
எனக்கு நிச்சயமில்லை.

மைனஸ் பதினொன்று அன்று.
நிறுத்தத்தில் நிற்கையில் என் கைபேசி
நாற்பது சதவீதம் காட்டியபடியே செத்தது.
உள்ளே எங்கோ வாளி
பாதிக் கையில் உறைந்திருக்கும்.
கோட்டுக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.
"இங்கேதான், சரியாக இங்கே," என்று
பூட்ஸால் தரையைத் தட்டினார் லுத்விக்.
காது கொடுத்தேன்.
டிராம் வந்தது, டிராம்தான் கேட்டது.

மூன்றாம் நிறுத்தம் தாண்டி
அக்குளில் ஏதோ ஒருமுறை துடித்தது.
டொப்ரோக்னா:
அறுபது போட்டுப் பார்க்கலாமா?